தூண்டில் ராடோடு அந்தமானுக்குப் பறப்பது எப்படி: பை கட்டுவதிலிருந்து திரும்பி வந்து கழுவுவது வரை

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் சாயங்காலம் ராடு வீசிக்கொண்டு நிற்கிறவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் போதும், பத்து நிமிஷத்தில் பேச்சு அந்தமானுக்குப் போய்விடும். ஒரு தடவையாவது அங்கே போய் ஜிடி (ஜெயன்ட் ட்ரெவாலி) பிடிக்க வேண்டும், நம் ஊர்ப் பாறை மீனுக்குப் பெரியண்ணன் அது, என்று எல்லோருக்கும் ஒரு ஆசை இருக்கிறது. படகுக்காரரிடம் பேசியாகிவிடும், பணமும் சேர்ந்துவிடும், ஆனால் இவ்வளவு நீள ராடையும் இவ்வளவு முள்ளையும் எப்படி விமானத்தில் ஏற்றுவது என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் துப்பாக்கிப் பெட்டியோடு வேட்டைக்குப் பறக்கிறவர்கள் சொல்கிற யோசனை நமக்குப் பாதிதான் உதவும். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் வேட்டையாடுவது குற்றம். நமக்கு வேட்டை என்றால் கடல்தான், ஆயுதம் என்றால் தூண்டில்தான். அதனால் நம் சாமானுக்கு ஏற்ற மாதிரி, கடலூரிலிருந்து நான்கு தடவை போய்வந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் பையைக் கொடுத்த நிமிஷத்திலிருந்து அந்தப் பக்கம் பெல்ட்டில் அதைத் தூக்குகிறவரைக்கும் அது உங்கள் கையில் இல்லை. ஸ்கேன் செய்கிறவர், சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கிறவர், வண்டியில் அடுக்குகிறவர், விமான வயிற்றுக்குள் தள்ளுகிறவர் என்று முகம் தெரியாத நான்கைந்து பேர் கை அதில் படும். பையைத் திறக்கிறவருக்கு உள்ளே இருப்பது என்ன என்று பார்த்தவுடன் புரிய வேண்டும், அவர் விரலில் முள் ஏறக்கூடாது, திறந்ததை அவரே பழையபடி மூடிவைக்க முடிய வேண்டும். இதை வைத்துக் கட்டினால் மற்றதெல்லாம் தானாகச் சரியாக வரும்.

எடை. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். 15 கிலோ என்பது கேட்க நிறையத் தெரியும், தூண்டில்காரருக்குப் போதாது. என் கணக்கைச் சொல்கிறேன்: வெறும் பேக்பேக் 2 கிலோவுக்கு மேல், ராடு இரண்டும் குழாயும் சேர்ந்து 2.2 கிலோ, 200 கிராம் ஜிக் (ஆழத்தில் இறக்குகிற ஈயப் பொய் மீன்) பத்து எடுத்தால் அதுவே 2 கிலோ, பாப்பர் (தண்ணீர் மேல் இழுக்கிற பொய் மீன்) எட்டு ஒரு கிலோவுக்கு மேல், முள்ளும் வளையமும் லீடர் நரம்பும் (முள்ளுக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்பு) அரை கிலோ, கொறடு கத்தி கையுறை முக்கால் கிலோ, துணிமணி 4 கிலோ, செருப்பு ஷூ ஒரு கிலோ. கூட்டிப் பாருங்கள், 14-ஐத் தொட்டு நிற்கும். ஈயம்தான் எடையைத் தின்கிறது. ஜிக் விஷயத்தில் படகுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அந்தக் கடலுக்கு எது வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும், சிலர் அவர்களே வைத்திருப்பார்கள். பத்து கொண்டுபோய் மூன்றைத்தான் தண்ணீரில் இறக்குவோம்.

கூடுதல் எடை தேவை என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், விமான நிலையக் கவுன்டரில் அதே கிலோவுக்கு அதிகம் கேட்பார்கள். ஒரே பையாக 32 கிலோவுக்கு மேல் எங்கேயும் எடுக்கமாட்டார்கள், தூக்குகிற ஆளின் முதுகை நினைத்துப் போட்ட வரம்பு அது. எடை பார்க்க, கையில் தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவையுங்கள். இல்லாவிட்டால் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கேட்டால் வைத்துப் பார்க்க விடுவார்கள், நான் முதல் இரண்டு தடவையும் அங்கேதான் பார்த்தேன்.

இப்போது ராடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் பயணத்தில் நான் இழந்தது இதைத்தான். துணி உறையில் போட்டு, பேக்பேக்கின் பக்கவாட்டில் கயிற்றால் கட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் பெல்ட்டில் பை வரும்போது பார்த்தால் உறை அப்படியே இருக்கிறது, ஓட்டலில் போய்த் திறந்தால் உள்ளே நுனித்துண்டு இரண்டாக ஒடிந்து, மேல் வளையங்கள் மூன்று காணோம். ஐந்து நாள் பயணத்தில் மூன்று நாள் படகுக்காரர் தந்த கைத்தூண்டிலில் தங்கூசி நரம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல மீன்கள் வந்தன, ஆனால் எட்டு மாதம் பணம் சேர்த்து வாங்கிய ராடு அது.

விமானக் கம்பெனிகள் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பார்க்கும், பொதுவாக 158 செ.மீ. வரை சாதாரணப் பை. 8 அடி ராடு என்பது 244 செ.மீ., ஒரே துண்டாக இருந்தால் அதை மறந்துவிடுங்கள். சரிபாதியாக இரண்டு துண்டாகக் கழலும் ராடு என்றால் துண்டு 126 செ.மீ. சுற்றி வரும். 130 செ.மீ. குழாயில் போட்டால், 11 செ.மீ. விட்டமும் சேர்த்து 152, வரம்புக்குள் வந்துவிடும். கவனிக்க வேண்டியது, பாப்பிங் ராடுகளில் பல, கைப்பிடி மட்டும் தனியாகக் கழலும் ரகம், அவற்றின் மேல்துண்டே 180 செ.மீ. பக்கம் வரும், அதற்குத் தனிக் கட்டணமும் தனிப் பேச்சும் உண்டு. இனிமேல்தான் ராடு வாங்கப் போகிறீர்கள் என்றால் மூன்று துண்டு ராடாக வாங்குங்கள், பெரிய டஃபல் பைக்குள்ளேயே போய்விடும்.

குழாயைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய், "அண்ணே, கழிவுநீருக்குப் போடுற மெல்லிசு பைப், ஒண்ணே கால் மீட்டருக்கு மேல வேணும்" என்றால் அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு ராடுக்கு 75 மி.மீ. விட்டமே போதும், அதற்கு மேல் என்றால் 110 மி.மீ. கனமான தண்ணீர்க் குழாயை எடுத்துவிடாதீர்கள், எடை ஏறிவிடும். மெல்லிசு ரகத்தில் 110 மி.மீ. குழாய் மூடிகளோடு ஒன்றரைக் கிலோதான் வந்தது. ஒரு பக்கம் எண்ட் கேப்பைச் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடுங்கள். மறுபக்கம் ஒட்டக்கூடாது, திருகிக் கழற்றுகிற மூடி போட வேண்டும், பூட்டும் வேண்டாம், கண்டிப்பாக யாராவது திறந்து பார்ப்பார்கள்.

உள்ளே இரண்டு முனையிலும் மெத்தை வேண்டும். தெர்மாகோல் உதிர்ந்துபோகும், பழைய ஹவாய் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி இரண்டிரண்டாக வையுங்கள், அதைப் போல் வேறு எதுவும் தாங்கவில்லை. ராடின் நுனித்துண்டைத் தடித்த அடித்துண்டோடு சேர்த்து, வளையங்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து நான்கு இடத்தில் கட்டுங்கள். நுனி, அடித்துண்டைவிட ஒரு விரலாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும், அப்போதுதான் குழாய் நட்டுக்குத்தாக விழுந்தாலும் அடி, கைப்பிடியில் விழும். மூடிக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் துணி வேண்டும்.

இரண்டு பக்கமும் அடைத்த குழாயை ஸ்கேனரில் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். குழாயின் மேலேயே பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் 'மீன்பிடித் தூண்டில்' என்று எழுதி, பெயரும் செல்போன் எண்ணும் போட்டு, மேலே அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். எழுதியிருந்த மூன்று தடவையும் குழாயைப் பற்றி யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அப்புறம் முள். தூண்டில் முள், கத்தி, கத்தரிக்கோல், கொறடு, மீனைக் குத்தித் தூக்குகிற கேஃப் கொக்கி எல்லாம் செக்-இன் பையில்தான், கைப்பையில் ஒரு ஒற்றை முள்கூட மறந்து கிடக்கக்கூடாது. கைப்பையின் சின்னப் பாக்கெட்டுகளைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், போன மாதம் கரைக்குப் போனபோது போட்ட முள் அங்கேதான் இருக்கும். இரண்டாவது தடவை சென்னையில் என் பையைத் திறந்து பார்க்கக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு ஊழியர் ஒரு சின்னப் பெண், கையுறை போட்டிருந்தார், நேராக லூர் (பொய் இரை) டப்பாவுக்குள் கையை விட்டார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நல்லவேளை, ஒவ்வொரு மூன்று முள் கொக்கிக்கும், மீன் தொட்டியில் காற்றுக்குப் போடுகிற மெல்லிய டியூபை அரை அங்குலமாக நறுக்கி முனையில் சொருகியிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், டியூபைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அதே வரிசையில் திரும்ப அடுக்கி மூடினார். முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நிற்கிற அந்தச் சின்னக் கீற்று சதைக்குள் போனால் வந்த வழியில் திரும்பாது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த டியூப் ஒரு மீட்டர் இருபது ரூபாய்கூட ஆகாது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுகிற எண்ணம் இருந்தால் அந்தக் கீற்றைக் கொறடால் வீட்டிலேயே நசுக்கிவிடலாம், மீனுக்கும் நல்லது.

ஈயம் ஸ்கேனரில் கருப்புக் கட்டியாகத் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கிற எதுவும் தெரியாது. ஜிக்கையும் ஈயக் குண்டையும் பையின் அடியில் புதைக்காமல், ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பாவில் பையின் மேல்பக்கமே வையுங்கள். திறந்தவுடன் தெரிந்துவிட்டால் மொத்தப் பையையும் கொட்டமாட்டார்கள்.

நரம்பைச் சுற்றி இழுக்கிற ரீலைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. விலை உயர்ந்தது, அடிபட்டால் போச்சு, அதனால் நான் கைப்பையில்தான் எடுத்துப்போகிறேன். ஆனால் நரம்பு சுற்றிய ஸ்பூலைக் கழற்றி செக்-இன் பையில் போட்டுவிடுவேன். பின்னல் நரம்பு முன்னூறு மீட்டர் கையில் இருந்தால், இது எதற்கு என்று பாதுகாப்புச் சோதனையில் கேள்வி வரலாம், அந்த இடத்தில் முடிவு அவர்களுடையது, நம் நியாயம் எடுபடாது. ஸ்பூல் இல்லாத ரீல் வெறும் இயந்திரம், யாரும் தடுத்ததில்லை. கைப்பிடியையும் கழற்றி, பனியனில் சுற்றி வையுங்கள்.

பேக்பேக்கில் தோள்பட்டை வார், இடுப்பு வார், கொக்கி என்று தொங்குகிறதெல்லாம் பெல்ட்டில் மாட்டி அறுந்துபோகும். எல்லா வாரையும் இறுக்கி உள்ளே மடித்து, மழை உறையைத் திருப்பி, முதுகுப்பக்கம் மூடுகிற மாதிரி மாட்டுங்கள். பை தைக்கிற தையல்காரரிடம் தார்ப்பாய்த் துணியில் ஜிப் வைத்த ஒரு மேலுறை தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டு வந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன், சோதனையில் பிரிக்கச் சொன்னார்கள், மறுபடி தைக்க ஊசி கையில் இல்லை.

எதை எடுக்கவே கூடாது, எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் தவறுகிறவர்கள் அதிகம். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில் மட்டும்தான், செக்-இன் பையில் இருந்தால் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை. எலக்ட்ரிக் ரீல் பேட்டரி வைத்திருக்கிறவர்கள்தான் கணக்குப் போட வேண்டும்: 14.8 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 148 வாட்-அவர். 100-க்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியிடம் முன்அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் கொண்டுபோகவே முடியாது. கேஸ் அடுப்பு டப்பா, லைட்டர், தீப்பெட்டி, துரு எடுக்கிற ஸ்ப்ரே, இவையெல்லாம் எந்தப் பையிலும் கூடாது. தானாக ஊதிக்கொள்கிற லைஃப் ஜாக்கெட்டில் சின்ன வாயு சிலிண்டர் இருக்கும், அதை எடுத்துப்போகலாம், ஆனால் கம்பெனியிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கடலில் ஆபத்துக்கு உதவும் என்று சேட்டிலைட் போனோ சேட்டிலைட் மெசேஜ் கருவியோ யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் போலீஸ் வழக்கு வரைக்கும் போகும். வீட்டில் கட்டிக்கொடுக்கிற ஊறுகாய் செக்-இன் பையில், நன்றாகச் சுற்றி.

எந்த விமான நிலையம்? பாண்டி லாஸ்பேட்டையிலிருந்து 2024 டிசம்பரில் மறுபடி விமானம் தொடங்கினார்கள், பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும். பெங்களூர் வழியாக ஒரே டிக்கெட்டில் போனால் பை நேராக அந்தமான் போய்விடும், ஆனால் அது சின்ன ஏடிஆர் விமானம், நீளக் குழாய் ஏறுமா என்று போன் செய்து கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். நான் எப்போதும் சென்னைதான். அங்கிருந்து நேர் விமானம், இரண்டேகால் மணி நேரம். பெரும்பாலும் காலை விமானம் என்பதால் நள்ளிரவில் கிளம்ப வேண்டியிருக்கும். பாண்டியிலிருந்து மூன்றரை மணி நேரம், கடலூரிலிருந்து நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் வழியாகப் போனால் சுங்கச்சாவடியிலும் தாம்பரத்திலும் நிற்க வேண்டிவரும், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும், குழாயை டிக்கியில் போடாமல் சீட் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு பேராகச் சேர்ந்தால் வாடகைக் காரே மேல். உள்நாட்டு விமானத்துக்கு டி1, டி4 என்று இரண்டு முனையம், எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

நவம்பர், டிசம்பரில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரை கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள், பாண்டியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அந்த இரண்டு மாதத்தில் போவதாக இருந்தால் படகுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, விமானம் ரத்தானால் தேதி மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவையுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அங்கே உங்கள் படகு எந்தத் தேதிகளில் இறங்கும் என்று கேட்ட பிறகுதான் விமான டிக்கெட்.

கவுன்டருக்கு இரண்டரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். குழாயைப் பார்த்ததும் தனியாகப் பெரிய சாமான் பெல்ட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள், அது வேறு மூலையில் இருக்கும், அங்கே ஆள் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அவர்கள் ஒட்டுகிற டேக்கில் ஐஎக்ஸ்இசட் என்று இருக்கிறதா பாருங்கள். போர்ட் பிளேர் என்ற பெயர் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது, விமானக் குறியீடு இதுதான். உடையக்கூடியது என்று சொன்னால் சில சமயம் லிமிடெட் ரிலீஸ் டேக்கில் கையெழுத்துக் கேட்பார்கள், அதாவது உடைந்தால் எங்கள் பொறுப்பில்லை என்று. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதற்கு முன்னால், திறந்த குழாய், திறந்த பை, மூடிய பை மூன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

அந்தப் பக்கம் இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே குழாயைத் திறந்து பாருங்கள். வெளியே போய் ஓட்டலில் திறந்து, உடைந்திருக்கிறது என்று போன் செய்தால் யாரும் ஏற்கமாட்டார்கள், முதல் தடவை எனக்கு நடந்தது அதுதான். சேதம் இருந்தால் அங்கேயே கம்பெனி கவுன்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பைக்குக் கிடைக்கிற இழப்பீடு அதிகபட்சம் 20,000 ரூபாய்தான், அதற்கு மேல் விலையுள்ள ராடு என்றால் தனிப் பயணக் காப்பீடு எடுக்கலாம்.

திரும்பி வரும்போது இரண்டு விஷயம். ஈரத் துணியும் ஈரக் கயிறும் எடையைக் கூட்டும், கடைசி நாள் மதியமே மீன்பிடிப்பை நிறுத்தி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, காற்றில் உலர்த்திவிடுங்கள். நாற்றமும் போகும். அடுத்தது, கரையில் கிடந்தது என்று பவளத் துண்டை எடுத்துப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் கடல் அட்டையும் புலி, யானை இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன, அங்கே விமான நிலையத்தில் அதைத்தான் தேடுகிறார்கள். குழந்தை கேட்டது என்று எடுத்துவந்த ஒரு துண்டுக்காக ஒரு குடும்பம் அரை மணி நேரம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மீன் கொண்டுவர நினைத்தால் ஐஸ் உருகிக் கசிகிற பெட்டியை ஏற்றமாட்டார்கள், உலர்பனி என்றால் ஆளுக்கு 2.5 கிலோ வரை, அதுவும் கம்பெனி அனுமதியோடு.

வீட்டுக்கு வந்த அன்றே, எவ்வளவு தூக்கம் வந்தாலும், குழாயின் மூடியைக் கழற்றி ராடை வெளியே எடுத்து, குழாயைச் சாய்த்து வையுங்கள். உள்ளே தங்கின உப்புத் தண்ணீர் ஒரு வாரத்தில் வளையத்தின் காலைப் பச்சையாக அரித்துவிடும். செருப்புத் துண்டுகளையும் எடுத்துக் கழுவி வெயிலில் போடுங்கள், அடுத்த தடவைக்கு அவையே ஆகும்.